அரசா, கம்பெனியா? கண்டக்டர் மாமாவின் கேள்வியும் 2003-ன் இரண்டு தீர்ப்புகளும்

திண்டிவனத்தில் எங்கள் வீடு இருக்கிற தெருவில் ஓய்வுபெற்றவர்கள் நான்கு பேர். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர். ஈ.பி.யில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தவர் ஒருவர். பெரியசெவலை செங்கல்வராயன் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர் ஒருவர். நான்காவது ஆள் பஸ் கண்டக்டர். வேலையில் இருந்தவரை நாலு பேருக்கும் தெருவில் ஒரே பெயர்தான்: 'கவர்மென்ட் உத்தியோகம்'. நாலு பேருக்கும் அந்தப் பெயரை வைத்துத்தான் பெண் கொடுத்தார்கள், வீட்டுக் கடன் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆன மறுமாதமே நாலு பேரும் நாலு வேறு சட்டங்களின் கீழ் போய்விட்டார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கண்டக்டர் மாமா பிடித்துக்கொண்டார். உறவெல்லாம் இல்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். "ஏம் தம்பி, நீ கோர்ட்டு தீர்ப்பெல்லாம் உக்காந்து படிக்கிறியாமே, அப்பா சொன்னாரு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. பஸ்ஸுல 'அரசு போக்குவரத்துக் கழகம்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நான் அரசாங்க ஆளா, கம்பெனி ஆளா?"

"ரெண்டும் இல்ல மாமா, ரெண்டும்தான் மாமா" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸில் அது உறுத்திக்கொண்டே வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் ராத்திரிகளில் படித்ததன் விளைவு இந்தப் பதிவு. நான் வழக்கறிஞன் இல்லை, பி.இ. படித்த மென்பொருள்காரன். இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றின் மீதும், அவற்றை வைத்து நடக்கிற வாதங்களின் மீதும் ஒரு வாசகனின் விமர்சனம், அவ்வளவுதான். இன்னொன்று: தொழிலாளர் சட்டங்கள் பலவும் 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்களுக்குள் போய்விட்டன. கீழே நான் பழைய சட்டங்களின் பெயர்களையும் பிரிவு எண்களையுமே தருகிறேன். இதுவரை நடந்த வழக்குகள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

முதலில் தெருவில் இருந்தே ஆரம்பிக்கலாம். ஆசிரியருக்குச் சிக்கல் இல்லை. 2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் பணியில் சேர்ந்தவர், தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978 அவருக்குப் பொருந்தும், பணம் கருவூலத்திலிருந்து வருகிறது. அகவிலைப்படி ஏறினால் அவருக்கும் ஏறும்.

சர்க்கரை ஆலைக்காரர் நேர் எதிர். அவர் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995-ல் இருக்கிறார், நாம் இ.பி.எஸ். என்று சொல்வது. சூத்திரம் எளிது: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். முழுசாக 35 வருஷம் வேலை செய்த ஒருவருக்கு இந்தச் சூத்திரத்தை உச்சவரம்பில் போட்டாலும் 7,500 அளவில்தான் வரும். அகவிலைப்படி என்ற பேச்சே கிடையாது. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய். ஆமாம், ஆயிரம்.

ஈ.பி.காரர் கதை சுவாரசியமானது, ஏனென்றால் அவருடைய நிறுவனமும் கம்பெனியாகத்தான் ஆனது. 1957-ல் தொடங்கிய மின்வாரியத்தை 2010 நவம்பர் 1-ல் பிரித்துக் கம்பெனிகளாக்கினார்கள். ஆனால் மின்சாரச் சட்டம் 2003-ன் 133-ஆம் பிரிவில், மாற்றப்படும் ஊழியரின் பணி நிபந்தனைகள் முன்பிருந்ததைவிடக் குறைவாக இருக்கக்கூடாது என்று நாடாளுமன்றம் எழுதி வைத்திருந்தது. கம்பெனியாக்கும் சட்டத்திலேயே ஊழியருக்கும் ஒரு பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

பஸ்ஸுக்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. 1972 வரை சென்னை மாகாணத்திலும் பிறகு தமிழ்நாட்டிலும் அரசு பஸ் என்பது ஒரு அரசுத் துறை. அதில் இருந்தவர்கள் நிஜமாகவே அரசு ஊழியர்கள். 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் வந்தன. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் 1975 ஜனவரியில் வந்தது. 1997-ல் வீரன் சுந்தரலிங்கம் பெயரை ஒரு கழகத்துக்கு வைத்ததை ஒட்டித் தென் மாவட்டங்களில் நடந்த கலவரத்துக்குப் பிறகு எல்லாக் கழகங்களிலும் தலைவர்கள் பெயரை எடுத்தார்கள். அப்போதுதான் நம்ம ஊர் பஸ்ஸில் 'தந்தை பெரியார்' போய், 'தமிழ்நாடு அரசு' வந்தது. வேடிக்கை என்னவென்றால், 'அரசு' என்ற சொல் பஸ்ஸின் பக்கவாட்டில் ஏறியதால் சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இன்று விழுப்புரம் கோட்டம் என்பது விழுப்புரம், கடலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, வேலூர் மண்டலங்கள் சேர்ந்த ஒரு லிமிடெட் கம்பெனி.

ஏன் கம்பெனி? சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டம் 1950 என்று ஒன்று இருக்கிறது. ஆந்திரா, கேரளா, கர்நாடகா எல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ்தான் கழகம் அமைத்தன. தமிழ்நாடு கம்பெனிகள் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. நிர்வாக வசதிக்காக எடுத்த முடிவாகத்தான் தெரிகிறது, ஆனால் ஓய்வூதியத்தில் அதற்கு ஒரு விளைவு உண்டு. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-ன் 16-ஆம் பிரிவு, ஒரு சட்டத்தின் கீழ் நிறுவப்பட்டு, அந்தச் சட்டத்தின் விதிகளின்படி ஓய்வூதியமோ பி.எஃப்.போ தரும் அமைப்புகளைத் தன் வரம்பிலிருந்து விலக்குகிறது. கம்பெனிகள் சட்டத்தில் பதிவான கம்பெனி 'ஒரு சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட' அமைப்பாக அந்தப் பொருளில் கொள்ளப்படுவதில்லை. மளிகைக் கம்பெனியும் அதே சட்டத்தில்தானே பதிவாகிறது. ஆக பஸ் ஊழியர் பி.எஃப். சட்டத்துக்குள்.

பிறகு 1998 செப்டம்பர் 1 முதல் போக்குவரத்து ஊழியர்களுக்கென்று தனி ஓய்வூதிய நிதி அறக்கட்டளை வந்தது. நிர்வாகத்தின் பி.எஃப். பங்கு அந்த நிதிக்குப் போகும், பலன்கள் அரசு ஓய்வூதியத்தின் சாயலில் இருக்கும். இ.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் இது மிக நல்ல திட்டம். கண்டக்டர் மாமா 1980-களில் சேர்ந்தவர் என்பதால் இதில் வந்துவிட்டார். 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு இதுவும் இல்லை, பங்களிப்புத் திட்டம்தான்.

இங்கேதான் கோளாறு. பலன் அரசு ஓய்வூதியம் மாதிரி, பணம் வருகிற வழி பி.எஃப். மாதிரி. பலனைத் தீர்மானிப்பது கடைசிச் சம்பளமும் அகவிலைப்படியும். வரவைத் தீர்மானிப்பது கம்பெனி அந்த மாதம் கட்டும் தொகை. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் யார் நிரப்ப வேண்டும்? எங்கள் துறையில் இப்படி ஒரு வடிவமைப்பைக் கொண்டுவந்தால் முதல் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கேள்விக்கு வரும் முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். சட்டம் இந்தக் கம்பெனியை எங்கெல்லாம் அரசாகவே பார்க்கிறது?

அரசமைப்பின் 12-ஆம் உறுப்பின்படி இது 'அரசு'. 1975-ன் சுக்தேவ் சிங், 1981-ன் அஜய் ஹாசியா தீர்ப்புகளிலிருந்து வந்த வழி அது. அதனால்தான் ஓய்வுபெற்ற கண்டக்டர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட முடிகிறது. டிக்கெட் விலையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழ் அரசு நிர்ணயிக்கிறது. 2018 ஜனவரி 20-ல் கட்டணம் உயர்ந்ததும், எதிர்ப்புக்குப் பின் பத்து நாளுக்குள் கொஞ்சம் இறங்கியதும் கோட்டையில் எடுத்த முடிவுகள், விழுப்புரம் சாலாமேட்டில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் அல்ல. 2021 மே 8 முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம். அது நல்ல திட்டம் என்பது என் கருத்து. ஆனால் அதை முடிவு செய்தது கம்பெனியின் போர்டு அல்ல, முதலமைச்சரின் முதல் நாள் கையெழுத்து. ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஈடாகத் தருவோம் என்று அன்றே அறிவித்ததும் அரசுதான்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் இன்ஷூரன்ஸ். நீங்களும் நானும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு டி.வி.எஸ். ஐம்பதை ரோட்டில் எடுக்க முடியாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சிகள், அரசுப் போக்குவரத்து நிறுவனங்கள் ஆகியோரின் வண்டிகளுக்கு விலக்குத் தர வழி செய்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: விபத்து இழப்பீட்டுக்காகத் தனியாக நிதி ஒன்று வைத்திருக்க வேண்டும். அதாவது, 'இவர்கள் அரசு மாதிரி, எங்கே ஓடிவிடப் போகிறார்கள்' என்று சட்டம் நம்புகிறது. அப்புறம் என்ன நடக்கிறது? இழப்பீடு கட்டாததால் கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அரசு பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியைத் தமிழ் நாளிதழ் வாசிக்கிற யாரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பிரீமியம் கட்டும் நேரத்தில் அரசு, இழப்பீடு கட்டும் நேரத்தில் கையில் காசில்லாத கம்பெனி.

புரோகிராமிங்கில் இதை டைப் காஸ்டிங் என்போம். ஒரே பொருள், கூப்பிடுகிற இடத்துக்கு ஏற்ப வேறு வகையாக வேஷம் போடும். அது தப்பில்லை. எந்த இடத்தில் எந்த வேஷம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காததுதான் தப்பு.

இப்போது தீர்ப்புகள். 2003-ல் இரண்டு வார இடைவெளியில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் தந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே கோர்ட்டா என்று தோன்றும்.

ஏப்ரல் 25: ஏ.கே. பிண்டல் வழக்கு. நலிந்துபோன பொதுத்துறை உர நிறுவனங்களின் ஊழியர்கள் சம்பளத் திருத்தம் கேட்டு வந்தார்கள். நீதிமன்றம் சொன்னது: அரசுக் கம்பெனி என்பது அரசிலிருந்து வேறான சட்ட நபர். அதன் ஊழியர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். கம்பெனி நஷ்டத்தில் ஓடினால், உயர்த்திய சம்பளத்துக்கு அரசு பணம் தர வேண்டும் என்று உரிமையாகக் கேட்க முடியாது.

மே 9: கபிலா ஹிங்கோரானி வழக்கு. பீகாரில் மாநிலப் பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கு வருஷக்கணக்கில் சம்பளம் இல்லை. பட்டினிச் சாவு, தற்கொலை என்று பத்திரிகைகளில் செய்தி. மூத்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி பொதுநல வழக்குப் போட்டார். 1979-ல் ஹுசைனாரா கத்தூன் வழக்கில் பீகார் சிறைகளில் கிடந்த விசாரணைக் கைதிகளுக்காக வாதாடியவர் அவர்தான். அரசு அதே பழைய பதிலைச் சொன்னது: அது கம்பெனி, நாங்கள் வெறும் பங்குதாரர். நீதிமன்றம் ஏற்கவில்லை. முழுக் கட்டுப்பாடும் கையில் வைத்துக்கொண்டு, கம்பெனி என்ற திரைக்குப் பின்னால் ஒளிய முடியாது, 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமை இங்கே வருகிறது என்று சொல்லி, ஊழியர்களுக்குப் பட்டுவாடா செய்ய 50 கோடி ரூபாயைக் கட்டச் சொன்னது.

ஹிங்கோரானி தீர்ப்பை முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷம். இரண்டாம் தடவை படித்தபோதுதான் அந்த ஒரு பத்தி கண்ணில் பட்டது. பொதுத்துறை ஊழியர் சம்பளத்துக்கு எல்லாச் சூழலிலும் அரசே பொறுப்பு என்று நாங்கள் சட்டம் வகுக்கவில்லை, பட்டினிச் சாவும் தற்கொலையும் நடக்கிற அளவுக்கு மனித உரிமைப் பிரச்சினை வரும்போது அரசு தப்பிக்க முடியாது என்கிறோம், அவ்வளவுதான் என்று நீதிபதிகள் எச்சரிக்கையாக ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

என் முதல் விமர்சனம் இந்தப் பத்தியின் மீதுதான். கதவு ஒன்று இருக்கிறது, ஆனால் பிணம் விழுந்தால்தான் திறக்கும் என்பது என்ன மாதிரியான கதவு? மே மாதத் தீர்ப்பு ஏப்ரல் தீர்ப்பைத் திருத்தவில்லை, அதில் ஒரு விதிவிலக்கை மட்டும் செருகியது. நடுவில் இருக்கிற பெரிய கூட்டம் பட்டினியால் சாகவில்லை, ஆனால் பிடித்த பணம் வரவில்லை. அந்தக் கூட்டத்துக்கு இரண்டு தீர்ப்புமே பதில் சொல்லவில்லை.

இரண்டாவது விமர்சனம் நம்ம பக்கத்து ஆட்கள் மீது. ஓய்வூதியர் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடையில் நகாரா பெயர் வரும். 1982 டிசம்பர் 17-ல் வந்த டி.எஸ். நகாரா தீர்ப்பு, ஓய்வூதியம் என்பது எஜமானின் கருணை அல்ல, உழைத்ததற்கான உரிமை என்று சொன்னது. அந்த நாளையே ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். சரிதான். ஆனால் நகாரா மத்திய அரசு ஊழியர்களின் வழக்கு. அதிலேயே நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரிக்கிறது: அரசு ஓய்வூதியம் ஊழியர் பங்களிப்பில் சேர்ந்த நிதியிலிருந்து வருவதில்லை, அரசு அவ்வப்போது வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கித் தருகிற கடமை அது, ஆகவே 'நிதியில் பணம் போதாது' என்ற வாதம் அங்கே எழாது. 1990-ன் கிருஷ்ண குமார் வழக்கில், பி.எஃப். திட்டத்தைத் தேர்ந்தெடுத்த ரயில்வே ஊழியர்கள் நகாராவைக் காட்டி ஓய்வூதியம் கேட்டபோது, நீங்கள் வேறு வகுப்பு என்று அதே நீதிமன்றம் அனுப்பிவிட்டது. நிதி அறக்கட்டளையிலிருந்து ஓய்வூதியம் வாங்கும் பஸ் ஊழியர் நகாராவைத் தூக்கிக்கொண்டு போனால், எதிர்த் தரப்பு நகாராவிலிருந்தே பதில் சொல்லும்.

'நாங்களும் அரசு ஊழியர்கள்தான், சமமாகக் கொடு' என்ற வாதத்துக்குப் பின்னால் வந்த தீர்ப்புகளும் சாதகமாக இல்லை. 2015-ல் டி.எம். சம்பத் வழக்கு, தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை ஊழியர்களுடையது. 2022 ஜனவரியில் மகாராஷ்டிராவின் நீர், நில மேலாண்மை நிறுவன ஊழியர்கள் வழக்கு. இரண்டிலும் ஒரே பதில்: தன்னாட்சி அமைப்பின் ஊழியர், அரசு ஊழியருக்குச் சமமான ஓய்வூதியத்தை உரிமையாகக் கேட்க முடியாது, அது கொள்கை முடிவு. சொன்னால் கண்டக்டர் மாமாவுக்குப் பிடிக்காது, ஆனால் இந்தத் தீர்ப்புகள் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் எந்த நிபந்தனையில் வேலையில் சேர்ந்தாரோ அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஆசிரியருடையதைக் கேட்டால், 'எங்கிருந்து தருவது' என்ற கேள்வி நியாயமாகவே எழும். எங்கள் தெருக்கோடியில் கொத்தனாருக்குக் கையாளாகப் போகும் அம்மாவும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார், அவருக்கு எந்த ஓய்வூதியமும் இல்லை.

ஆனால் எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற இரண்டு கேள்விகள் இங்கே இருக்கின்றன. ஒன்று: 'நான் அரசு ஊழியருக்குச் சமமா?' இன்னொன்று: 'எனக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டாயா?' முதலாவது அந்தஸ்து பற்றியது, இரண்டாவது கடன் பற்றியது. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் இரண்டாவதும் செத்துவிட்ட மாதிரி அரசுத் தரப்பு வாதாடுகிறது. இரண்டாவதைக் கேட்கப் போன சங்கங்கள் வாய் தவறி முதலாவதைக் கேட்டுவிட்டு வருகின்றன. சம்பள உயர்வு கேட்ட பிண்டல் வழக்கு முதல் வகை. வேலை செய்த மாதத்துக்குச் சம்பளம் கேட்ட ஹிங்கோரானி வழக்கு இரண்டாம் வகை. இப்படிப் பிரித்துப் பார்த்தால் இரண்டு தீர்ப்புக்கும் முரண்பாடே இல்லை. நீதிமன்றம் அதை அந்த வரியில் சொல்லியிருந்தால் போதும், பட்டினிச் சாவை எல்லைக்கல்லாக நட்டிருக்க வேண்டியதில்லை.

கடன் என்ற வகையைச் சட்டம் எவ்வளவு சுத்தமாகக் கையாள முடியும் என்பதற்குப் பணிக்கொடைச் சட்டம் 1972 நல்ல உதாரணம். கிராஜுவிட்டி. அது அரசுப் பணியில் இருந்து தனி விதிகளின் கீழ் வருபவர்களை மட்டும் ஒதுக்குகிறது. மற்றபடி நீ யார், உன் முதலாளி லாபத்தில் ஓடுகிறாரா என்று கேட்பதில்லை. கான்பூர் மாநகராட்சி 'எங்களுக்குத் தனி விதி இருக்கிறது' என்றபோது, 2019-ல் உச்ச நீதிமன்றம் முஜிபுல்லா கான் வழக்கில் பணிக்கொடைச் சட்டமே செல்லும் என்றது.

கணக்கும் எளிது. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கான தொகை. மாதம் 52,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 30,000. முப்பது வருஷப் பணிக்கு 9 லட்சம். 7-ஆம் பிரிவின்படி முப்பது நாளுக்குள் தர வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 10 சதவீதம் தனிவட்டி. இரண்டு வருஷம் இழுத்தால் வட்டி மட்டும் 1,80,000. அப்போதும் தராவிட்டால் 8-ஆம் பிரிவின்படி அதிகாரி சான்றிதழ் தருவார், மாவட்ட ஆட்சியர் நில வருவாய் பாக்கி மாதிரி வசூலித்துத் தர வேண்டும். அரசுக் கம்பெனியிடமிருந்து அரசின் ஆட்சியர் வசூலிப்பது! கற்பனை செய்யவே நன்றாக இருக்கிறது. இருந்தாலும் சட்டம் 'காசு இல்லை' என்பதை ஒரு பதிலாகவே ஏற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பி.எஃப். பிடித்தத்தில் சட்டம் இன்னும் கடுமை. ஊழியரின் பங்கைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு நிதியில் கட்டாத முதலாளி, அந்தப் பணம் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதாகவே கருதப்படுவார் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவு விளக்கம் சொன்னது. சொந்த அறக்கட்டளை வைத்து விலக்குப் பெற்ற நிறுவனம் என்றாலும் அதேதான். அதாவது அது முதலாளியின் பணமே கிடையாது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 2018 ஜனவரி வேலைநிறுத்தத்தைத் திரும்பிப் பாருங்கள். 4-ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. டி.வி.யில் எல்லாரும் பேசியது 2.57-ஆ 2.44-ஆ என்ற சம்பளப் பெருக்குத்தொகை பற்றி. அது முதல் வகைக் கேள்வி, பேரம் பேச வேண்டியது. அதைத் தீர்க்க உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை நியமித்ததும் பொருத்தம்தான். ஆனால் கூடவே இன்னொரு கோரிக்கை இருந்தது: பணியில் இருப்பவர்களின் பிடித்தங்களும் ஓய்வுபெற்றவர்களின் பாக்கிகளும் சேர்ந்து ஏழாயிரம் கோடி ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்குப் போய்விட்டது என்று சங்கங்கள் சொன்னார்கள். அது இரண்டாம் வகை. பேரம் பேசவே கூடாதது. அந்தப் பொங்கலுக்கு முன்னால் ஓய்வுபெற்றோர் பாக்கிக்காக அரசு 750 கோடி அறிவித்தது. முப்பது நாளில் தர வேண்டியதும், தராவிட்டால் வட்டியோடு தர வேண்டியதும், கோட்டையிலிருந்து பொங்கல் பரிசு மாதிரி வந்து இறங்கியது. வாங்கினவர்கள் நன்றி சொன்னார்கள். அந்த நன்றிதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

2024 ஜனவரி 9-ல் மறுபடி வேலைநிறுத்தம். மறுநாள் உயர் நீதிமன்றம், பொங்கல் நேரத்தில் மக்களை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்று கேட்டது, சங்கங்கள் 19-ஆம் தேதி வரை தள்ளிவைத்தன. இந்த முறை முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று ஓய்வூதியர்களின் அகவிலைப்படி. எட்டு வருஷமாக ஏறாமல் நின்றது. பக்கத்து வீட்டு ஆசிரியருக்கு ஏறிக்கொண்டிருந்த அதே எட்டு வருஷம்.

இந்த அகவிலைப்படிதான் என் பாகுபாட்டுக்கு வைக்கிற சோதனை. இது அந்தஸ்தா, கடனா? ஆசிரியருக்கு ஏறியது, எனக்கும் ஏற்று என்றால் அந்தஸ்து. என் திட்டத்தின் அடிப்படையே அகவிலைப்படியோடு சேர்ந்த ஓய்வூதியம்தான், அதற்காகத்தான் என் பெயரில் வந்த பி.எஃப். பங்கை விட்டுக்கொடுத்தேன் என்றால் கடன். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. மாமா அந்தப் பங்கைக் கையில் வாங்கி பேங்கில் போட்டிருந்தால், வட்டியாவது ஏறியிருக்கும். விலைவாசியோடு ஏறும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, பிறகு ஏறாமல் நிறுத்துவது சலுகையை நிறுத்துவது ஆகாது.

நிதி அறக்கட்டளையில் பணம் இல்லையென்றால்? ஏன் இல்லை என்று முதலில் கேட்க வேண்டும். டிக்கெட் விலையை அரசு தீர்மானித்து, இலவசப் பயணத்தை அரசு தீர்மானித்து, நஷ்டம் மட்டும் கம்பெனியுடையது என்றால், ஹிங்கோரானி தீர்ப்பில் சொன்ன திரை இதுதான். கேரளாவில் கே.எஸ்.ஆர்.டி.சி. ஓய்வூதியத்தைக் கொடுக்க வழியில்லாமல் 2018-லிருந்து கூட்டுறவுச் சங்கங்கள் கடனாகக் கொடுத்து, அரசு பிறகு அவர்களுக்குத் திருப்பித் தருகிற ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'கடைசியில் இது அரசின் தலையில்தான்' என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆந்திராவில் 2019-ல் தனிச் சட்டமே போட்டு, 2020 ஜனவரி 1 முதல் ஆர்.டி.சி. ஊழியர்களை அரசுப் பணிக்குள் எடுத்துக்கொண்டார்கள். அந்தஸ்துக் கேள்விக்கு அதுதான் சரியான இடம், சட்டமன்றம். அதைத் தீர்ப்பில் தேடி அலைவதில் பலனில்லை.

கடன் கேள்விக்குச் சட்டமன்றம் வரை போக வேண்டாம். கழகங்களின் ஓய்வூதிய நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது, எதிர்காலப் பொறுப்பு எவ்வளவு என்று ஆக்சுவரியை வைத்துக் கணக்கிட்டு, வருஷா வருஷம் வெளியிட்டாலே பாதி வழக்குகளின் முகம் மாறும். மகளிர் பயணத்துக்கு அரசு தரும் ஈட்டுத்தொகையை எப்படித் தலைக்கு இவ்வளவு என்று எண்ணித் தருகிறார்களோ, அப்படியே ஓய்வூதிய இடைவெளியையும் எண்ணலாம். எண்ணத் தெரியாத விஷயம் இல்லை இது. எண்ணிவிட்டால் கொடுக்க வேண்டிவரும், அதுதான் தயக்கம் என்று நினைக்கிறேன்.

போன வாரம் போன் பண்ணி மாமாவிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். "மாமா, அரசாங்க ஆளான்னு கேக்காதீங்க, கோர்ட்டு இல்லன்னுதான் சொல்லும். கணக்குச் சீட்டைக் கேளுங்க. எந்த மாசம் எவ்வளவு புடிச்சாங்க, எவ்வளவு கட்டினாங்க, அந்தக் காகிதம் இருக்கா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய சம்பள ரசீது இருக்கிறது, மாமி பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருக்காவிட்டால், என்றார். சித்திரையில் ஊருக்குப் போகும்போது ஸ்கேன் பண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.